கோட்டைக் கதையும் வெறுங்கூடையும்

என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு தடவைதான் வெளிநாடு போனார், கிரீஸ் நாட்டுக்கு. அந்த ஒரு தடவைக்கு நான் கேட்ட கதை இருக்கிறதே, அப்பப்பா! கல்யாண வீட்டில் கிரீஸ், காதுகுத்தில் கிரீஸ், கேஸ் சிலிண்டர் போட வந்தவரை நிறுத்தி வைத்து கிரீஸ். "ஆரம்பிச்சுட்டாரு" என்று நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். இப்போது வீட்டில் சொல்ல ஆளில்லை. அந்தப் பாழாய்ப்போன கோட்டையைப் பற்றி எழுத நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வேலை பார்த்த கம்பெனி ஓசூரில் மெஷின் செய்து வெளிநாட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அவர் ஃபிட்டர். கிரீஸில் கொரிந்து என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை மெஷின் வாங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க இவரை அனுப்பினார்கள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் எதிர்வீட்டுக் கிறிஸ்தவ அம்மா, "கொரிந்தா? எங்க பைபிள்ல வர்ற ஊராச்சே!" என்று வியந்தார். அன்றிலிருந்தே இவருக்குத் தலை கால் புரியவில்லை. போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை செய்த கிரேக்கர் இவரை ஒரு மலைக்கோட்டைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அக்ரோகொரிந்த் என்று பேர். அவ்வளவுதான். மனுசர் திரும்பி வரும்போது பாதி உயிரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, சொல்கிற விதத்தில் சொல்வார். தட்டில் சோறு ஆறும், இவர் கை காற்றில் மலை ஏறும். ஊருக்கு மேலே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிற மலை. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று என்று மூன்று வாசல். சுவரின் அடியில் பழங்காலத்துக் கிரேக்கர் அடுக்கிய பெரிய கல், அதன்மேல் கான்ஸ்டாண்டிநோபிள் ராஜாக்கள் வைத்த கல், அதற்கும் மேல் வெனிஸ்காரன் கட்டியது, துருக்கிக்காரன் பூசியது. ஜெயித்து வந்தவன் எவனும் பழசை இடித்துத் தள்ளவில்லையாம். இருந்ததன் மேலேயே கட்டிக்கொண்டு குடியிருந்தானாம். உச்சியில் முதலில் காதல் தெய்வத்துக்குக் கோயில். பிறகு அதே இடத்தில் மாதா கோயில். பிறகு அதே இடத்தில் மசூதி. "இப்ப வெறும் கல்லும் காத்தும்தான். ஆனா அங்கிட்டு ஒரு கடலு, இங்கிட்டு ஒரு கடலு. ரெண்டும் ஒரே நேரத்துல தெரியும்" என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். விருதுநகர்க்காரர். ஓசூருக்கு வந்து எத்தனையோ வருசமாகியும் அந்த அங்கிட்டு இங்கிட்டு மட்டும் வாயை விட்டுப் போகவில்லை. நான் இந்தப் பக்கத்துக் கல்லாவிக்காரி, அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்வேன்.

அவர் கதையை அலுக்காமல் கேட்ட ஒரே ஆள், கம்பெனியில் பக்கத்து மெஷினில் நின்ற பாய். கிருஷ்ணகிரிக்காரர். வீட்டில் எல்லாருக்கும் மாங்காய் மண்டி வியாபாரம். பாய் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு தினமும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு வந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரரை மச்சான் என்பார். அந்த முறைக்கு நான் தங்கச்சி. வெறும் பேச்சுக்கு அல்ல. எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது என்று தெரிந்த வருசத்திலிருந்து, சீசன் தொடங்கியதும் முதல் கூடை மாம்பழம் எனக்குத்தான். மூங்கில் கூடையில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு வைத்துத் தைத்து, கிருஷ்ணகிரியில் பஸ் ஏற்றி கண்டக்டரிடம் சொல்லிவிடுவார். போனில், "பொறந்த வூட்டுச் சீரு வருது தங்கச்சி, ஸ்டாண்டுக்குப் போயி எறக்கிக்கோ" என்பார். நான் கூடையை ஒருநாளும் சும்மா திருப்பியதில்லை. முறுக்கோ அதிரசமோ, ஒன்றும் முடியாவிட்டால் ஒரு பொட்டலம் சர்க்கரையாவது போட்டு அதே பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். கொடுத்த பாத்திரத்தை யாராவது வெறுமனே திருப்பிக் கொடுப்பார்களா? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை ஒன்று உண்டு: யார் கோட்டை பெரிசு என்று. பாய்க்குக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. ஹைவேயில் போகிற எல்லாருக்கும் தெரிகிற அதே மொட்டைப் பாறைதான். "எங்க மலைய ஐதர் அலி ஆண்டாரு, திப்பு ஆண்டாரு. வெள்ளக்காரன் வந்து கீழ்க்கோட்டையப் புடிச்சான், மேல ஏற முடிஞ்சுதா? உங்க கிரேக்கக் கோட்டைய ஏறாதவன் எவன் மச்சான்? வந்தவன் போனவன் எல்லாம் ஏறியிருக்கான்!"

"உங்க மலையில தண்ணி இருக்கா? எங்க மலையில உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஊத்து. படி இறங்கிப் போகணும். எந்தக் கோடையிலயும் வத்தாது. றெக்கை வச்ச குதிரை தண்ணி குடிச்ச ஊத்து அது."

"சுனை இருக்குது, வா காட்டுறன். கிரீசு வரைக்கும் போயி மலை ஏறத் தெரிஞ்சவருக்கு கிருஷ்ணகிரி மலை கண்ணுல படலியா? மேல தர்கா இருக்குது, காத்து இருக்குது. ஒரு நாயித்துக்கெழம வா மச்சான்."

"வர்றேன் வர்றேன்" என்பார் இவர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓவர்டைம் வரும், இல்லையென்றால் துவைக்கிற துணி வரும். போகவே இல்லை.

அப்புறம் கம்பெனி கைமாறியது. புது முதலாளிகள் வேலையை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகிறோம், கணக்கை முடித்து வாங்கிக்கொண்டு எல்லாரும் போகலாம் என்றார்கள். வாழ்நாளில் பாதியை அங்கே கழித்தவர்கள் எங்கே போவது? கோர்ட்டில் வழக்குப் போட்டுவிட்டு, கேட்டுக்கு எதிரே சாமியானா போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முதல் சில நாள் கோஷம், மைக், பேப்பர்காரர்கள் என்று கலகலப்பாகத்தான் இருந்தது. போகப்போகக் கூட்டம் இளைத்தது. நான் வயரிங் செட் கட்டுகிற ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தேன். ஷிப்ட் முடிந்து மோர் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்ப்பேன். ஆளாளுக்குப் போனை நோண்டிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பார்கள். எப்போது யார் எழுந்து கணக்கை முடிக்கக் கையெழுத்துப் போட உள்ளே போவாரோ என்று ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போதுதான் பாய் சொன்னார்: "மச்சான், அந்தக் கோட்டைக் கதைய எடுத்து வுடு. இதுங்க மூஞ்சியப் பாக்க சகிக்கல."

அதிலிருந்து தினமும் டீக்கு முன்னால் கோட்டைக் கதை. பந்தலில் அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கதை முடியாமல் டீ கேன் திறக்கக் கூடாது என்று பாய் சட்டம் போட்டார். ஒருநாள், பெண்டாட்டி நகையை அடகு வைத்து உளவாளிக்குக் கூலி பேசி, சுவர் தாழ்ந்த இடத்தில் ஏணி போட்டு அந்தக் கோட்டையைப் பிடித்த ஒருத்தன் கதையைச் சொன்னார். உண்மையாகவே அப்படி ஒருத்தன் இருந்தானாம். எல்லார் கண்ணும் என் கழுத்துக்கு வந்தது. "இந்தப் பக்கம் பாக்காதீங்க, இது ஏற்கெனவே போயி வந்ததுதான்!" என்றேன். பந்தலே சிரித்தது. அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அவர்களுக்குப் பிடித்தது முற்றுகைக் கதைதான். சிலுவைப் போருக்கு என்று கிளம்பிய மேற்கத்திக் குதிரைவீரர்கள், வழியில் இருந்த நாட்டையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கொரிந்துப் பக்கத்துத் தலைவன் ஒருத்தன் மட்டும் வணங்காமல் தன் ஆட்களோடு மலைமேல் ஏறி வாசலைச் சாத்திக்கொண்டான். கீழே சுற்றிலும் வந்தவர்களின் கூடாரம், மலைக்கு எதிரே அவர்கள் கட்டிய சின்னக் கோட்டை. மேலே சுவரும் ஊற்றும். வருசக்கணக்கில் அப்படியே இருந்தார்கள். இதை இவர் நாள் கணக்கில் இழுத்தார். சாப்பாடு குறைந்தது ஒருநாள். குளிர் வந்தது ஒருநாள். கீழே இருந்தவன் ஆள் அனுப்பி ஆசை காட்டியது ஒருநாள்; அன்றைக்குப் பந்தலில் ஒரே விசில். "தண்ணி இருக்கிற வரைக்கும் கோட்டை விழாது" என்று முடிப்பார். பாய் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அப்டிப் போடு மச்சான்!" என்று தொடையில் தட்டுவார்.

ஒருநாள் பின்னால் இருந்த ஒருவர் கேட்டேவிட்டார்: "கடைசில என்னாச்சுண்ணா? ஜெயிச்சானா?"

இவர் ஒரு நொடிதான் தயங்கினார். "ஜெயிக்காம? கீழே கிடந்தவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். முடியல. கூடாரத்தைச் சுருட்டிட்டுப் போயிட்டான்."

கை தட்டினார்கள். நான் மோர் டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றேன். வீட்டில் என்னிடம் அவர் சொல்லியிருந்த முடிவு வேறு. அந்தத் தலைவன் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்து, ஒருநாள் குதிரைமேல் ஏறி, உச்சிப் பாறையிலிருந்து குதிரையோடு பாய்ந்து செத்தான் என்றுதான் அங்கே ஜனங்கள் சொல்கிறார்களாம். மிச்சமிருந்தவர்கள் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துவிட்டு, கடைசியில் வாசலைத் திறந்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, பச்சைப் பொய்! குதிச்சுச் செத்தான்னுதான எங்கிட்ட சொன்னீங்க?"

"பந்தல்ல உக்காந்திருக்கவன்கிட்டப் போயி அதைச் சொல்லச் சொல்றியா?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. இன்றைக்கும் எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

கொஞ்ச நாளில் பந்தலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பாய்தான் ஆட்டோவில் மடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இனி வெயில்ல உக்காரக் கூடாது, டென்ஷனே கூடாது" என்றார் டாக்டர். நான் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டேன்: பந்தலும் வேண்டாம், வழக்கும் வேண்டாம், கையெழுத்தைப் போடுங்க. போட்டார். அதற்காக நான் ஒரு நிமிசமும் வருத்தப்பட்டதில்லை. ஆள் உயிரோடு வேண்டுமா, கம்பெனி வேண்டுமா?

பாய் போடவில்லை. கடைசிவரை போடாத கொஞ்சம் பேரில் அவரும் ஒருத்தர். பந்தலைப் பிரித்துவிட்டார்கள், வழக்கு இழுத்தது. கையில் ஒன்றும் வராமல் பாய் கிருஷ்ணகிரிக்கே போய் மண்டியில் உட்கார்ந்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். இவர் அதைக் கேட்டுவிட்டு வைத்த தோசையை அப்படியே விட்டு எழுந்துபோனார்.

அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. வாயால் கோட்டையைக் கட்டி, தண்ணி இருக்கு, விழாது என்று சொல்லி ஆளை மேலே உட்கார வைத்தது இவர். முதலில் இறங்கி வந்ததும் இவர். "அவன் எம் பேச்சை நம்பி உக்காந்தான். நான் முடிவை மாத்திச் சொன்னேன்" என்பார். பாய் போன் செய்தால் எடுக்க மாட்டார். "என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேச?" நான் எடுக்கப் போனால் போனைப் பிடுங்கிக்கொள்வார். அதோடு கிரீஸும் நின்றது. டி.வி.யில் ஏதோ ஒரு கோட்டையைக் காட்டினால்கூட சேனலை மாற்றிவிடுவார். முப்பது வருசமாக இந்த வாய் ஓயாதா என்று ஏங்கியவள் நான். ஓய்ந்த பிறகு வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது.

அந்த சீசனிலும் கூடை வந்தது. கண்டக்டர் சொல்லி அனுப்ப, நானே ஸ்டாண்டுக்குப் போய் இறக்கி வந்தேன். சாக்கைப் பிரித்ததும் வீடெல்லாம் மணம். அவர் ஒரு பழத்தைத் தொடவில்லை. அக்கம்பக்கத்துக்கு எல்லாவற்றையும் வாரிக் கொடுத்துவிட்டார். மறுநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது கூடையைத் தானே கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார். சாயந்திரம் வந்து கேட்டேன்:

"உள்ள என்ன போட்டு அனுப்புனீங்க?"

"ஒண்ணும் போடல."

"வெறுங்கூடையவா? ஐயோ, என்ன மனுசன் நீங்க! யாராவது வெறுங்கூடைய அனுப்புவாங்களா? அவரு என்ன நெனைப்பாரு?"

"என்னத்தைப் போட்டு அனுப்பச் சொல்றே? என் வெக்கத்தையா?"

அடுத்த சீசனில் கூடை வரவில்லை. அதற்கடுத்த சீசனிலும் வரவில்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் சித்திரை பிறந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதாவது வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு தடவை போய்வருவார். எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன தையில் நெஞ்சு மறுபடியும் பிடித்தது. இந்தத் தடவை ஆட்டோ வரும்வரைகூடத் தாங்கவில்லை. சாவுக்கு ஊரே வந்தது. கூட்டத்துக்கு அந்தப்புறம், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு முதுகு திரும்பிப் போவதைப் பார்த்தேன். பாய்தான். வாசல்வரை வராமல் போனாரே என்று எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை கோபமா மனுசனுக்கு, செத்த வீட்டிலும் தீராத கோபமா என்று நினைத்தேன். அவரைப் பற்றி நாலு வார்த்தை மனசுக்குள் கெட்டதாகவே சொன்னேன்.

மாம்பழம் வந்துவிட்டது. ஓசூர் மார்க்கெட்டில் குவித்துப் போட்டிருந்தார்கள். ஒரு கிலோ வாங்கி வந்தேன். அறுக்க மனம் வரவில்லை. மறுநாள் முறுக்கு சுட்டு, டப்பாவில் அடைத்து, கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். நாலு வார்த்தை நேரிலேயே கேட்டுவிடுவது என்றுதான் போனேன். சூளகிரி தாண்டி, குருபரப்பள்ளி தாண்டி, அந்த மொட்டை மலை தெரிந்ததும் கண்டபடி அழுகை வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மண்டியில் வைக்கோலுக்கு நடுவே பாய் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "வா தங்கச்சி" என்றார். அந்த வார்த்தையில் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியைக் கொட்டினேன்.

"தெருமுனை வரைக்கும் வந்தவருக்கு வீட்டுக்குள்ள வரத் தெரியலியாண்ணா? அவரு கையெழுத்துப் போட்டுட்டாருன்னு அத்தனை கோவமா? உங்கள உக்கார வச்சுட்டு எறங்கிட்டமேன்னு அவரு தினம் தினம் செத்தாரு, தெரியுமா? கோட்டை விழாதுன்னு நாந்தான் பொய் சொன்னன், அவன் நம்பிட்டான்னு..."

"என்னா பொய்யி?" என்றார் பாய்.

"கோட்டைக் கதைதான். அந்தத் தலைவன் ஜெயிக்கலண்ணா. குதிரையோட குதிச்சுச் செத்துட்டான்."

பாய் என்னையே பார்த்தார். "அது எனக்குத் தெரியுமே தங்கச்சி. கதை ஆரம்பிச்ச மொத வாரமே எம் பொண்ணு போன்ல எடுத்துக் காட்டிடுச்சு. நான் மட்டுமா? பந்தல்ல பாதிப் பேருக்குத் தெரியும். மச்சான் எப்டி முடிக்கிறாருன்னு பாக்கத்தான் உக்காந்திருந்தம். கூடாரத்தச் சுருட்டிட்டுப் போயிட்டான்னு சொன்னாரு பாரு, அன்னிக்கு நாங்க கை தட்டுனது அதுக்குத்தான்."

ஒரு காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு என்னை உட்கார வைத்தார்.

"அப்ப நீங்க ஏன் கையெழுத்துப் போடல?"

"எனக்கு மண்டி இருக்குது. போட்டாலும் சோறு, போடாட்டியும் சோறு. எங்கயும் போவ வழியில்லாதவன் நாலு பேரு உக்காந்திருந்தான், அவன வுட்டுட்டு எந்திரிக்க மனசு வரல. அதுக்கும் மச்சானுக்கும் என்னா சம்பந்தம்? உசுரு போற மாதிரி கெடந்தவரு. நீ அன்னிக்கே போட வச்சது நல்லதுன்னுதான் உங்க அண்ணிகிட்ட சொன்னன்."

"அடப்பாவி!" என்று கத்திவிட்டேன். மண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "இத அவரு காதுல ஒரு தடவ போட்டிருக்கக் கூடாதா? ஒரே ஒரு தடவ!"

"போன் எடுக்கலியே தங்கச்சி. செரி, கூடை அனுப்புவம், திரும்பி வர்றதப் பாப்பம்னு இருந்தன்." வைக்கோலை ஒதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தார். "வெறுங்கூடையா வந்துச்சு. எப்பவும் நீ முறுக்காவது போடுவ. நான் வைக்கோல எல்லாம் கிளறிப் பாத்தன். அதுக்கு மேல என்னா அர்த்தம் பண்ணிக்கிறது? இந்த ஒறவு வேணாம்னு சொல்றாங்கன்னு நெனச்சன். வேணாம்னவங்க வாசல்ல, சாவுன்னாலும் எப்டி ஏறுறது? தெருமுனையோட நின்னுட்டு வந்துட்டன்."

எனக்கு அந்த முற்றுகைதான் ஞாபகம் வந்தது. ஆளுக்கொரு மலையில் ஏறி வாசலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள் இரண்டு பேரும். கீழே எதிரி என்று ஒரு குருவிகூட இல்லை. இவர் வெட்கத்தில் அனுப்பிய கூடையை அவர் வெறுப்பு என்று எடுத்துக்கொண்டார். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நிமிசத்துக்கு ஒரு பஸ். ஒருத்தராவது ஏறி வந்திருக்கலாம். நானாவது வந்திருக்கலாம். வருசம் எத்தனை வீணாகிவிட்டது, ஐயோ!

பாய் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மேல ஏறுனா ரெண்டு கடலும் தெரியும்பாரே, நெசமாலுமே தெரியுமா தங்கச்சி?"

"தெரியும்ணா. போட்டோ இருக்குது."

"நம்ம மலைய ஒரு தடவ காட்டலாம்னு இருந்தன்" என்றார். அவருக்குப் பின்னால் கடை வாசலில் மலை பாதி தெரிந்தது. உச்சியில் வெயில் இன்னும் இருந்தது.

கிளம்பும்போது கூடை தைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. முறுக்கு டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே திறந்து, ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் கூடையை மடியை விட்டு இறக்காமல் ஓசூர் வரை என் வீட்டுக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். மனசுக்குள்தான் திட்டினேன், கொஞ்சம் வெளியேயும் வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்து, முதல் பழத்தைக் கழுவி அறுத்து, அவர் படத்துக்கு முன்னால் தட்டை வைத்தேன். "உங்க மச்சானுக்குக் கதையோட முடிவு மொதல்லயே தெரியுமாம்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாகூட என்னவென்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார். கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.